இழையும் தேற்றமும்: வன்னிக் கைப்பணிகளும் கேத்திரகணிதக் கல்வியும்

கணிதத்தின் பிரிவுகளுள் மண்ணோடும் கைத்தொழிலோடும் மிக நெருங்கிய உறவைத் தன் பெயரிலேயே தாங்கி நிற்பது கேத்திரகணிதமாகும். ‘கேத்திரம்’ என்னும் வடசொல் வயலைக் குறிப்பது. கிரேக்கர் இத்துறைக்கு இட்ட பெயரும் நில அளவை என்றே பொருள்படும். வேள்விப் பீடங்களை அளந்து அமைக்கும் முறைகளைக் கூறும் பண்டைய இந்திய நூல்கள் சுல்ப சூத்திரங்கள் எனப்பட்டன. சுல்பம் என்பது கயிறு. வயலை அளந்தோரும் கயிற்றை இழுத்துப் பிடித்தோரும் செங்கல்லை அடுக்கியோருமே இவ்வறிவின் முதல் ஆசிரியர்கள் என்பதனை இப்பெயர்கள் இன்றும் உணர்த்தி நிற்கின்றன. ஆயின், பாடசாலையிற் கற்பிக்கப்படும் கேத்திரகணிதத்தில் வயலும் இல்லை, கயிறும் இல்லை. கரும்பலகையில் வரையப்பட்ட முக்கோணியும் அதன் உச்சிகளுக்கு இடப்பட்ட எழுத்துக்களுமே மாணவனின் முன் நிற்கின்றன. அதே மாணவன் வீடு திரும்பியதும் அமர்கின்ற பாயிலும், அவன் தாய் அரிசி புடைக்கும் சுளகிலும், நெல் அள்ளும் கடகத்திலும் அக்கணிதம் உருப்பெற்றுக் கிடக்கின்றது. இவ்விரண்டும் ஒன்றையொன்று அறியாது போனமைக்கு ஒரு வரலாறு உண்டு. அவ்வரலாற்றினையும், வன்னிப் பெருநிலப்பரப்பின் கைப்பணிகளில் அமைந்துள்ள கேத்திரகணிதக் கருத்துக்களையும் ஒருங்கே ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

களமும் கைப்பணியும்

மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவுக்குச் செல்லும் வீதியில், காடும் குளமும் வயலும் சூழ அமைந்த ஊர் ஒட்டுசுட்டான். குரக்கன் அறுத்த பின் எஞ்சிய ஒட்டினை உழவன் ஒருவன் சுட்டபோது தீப்படாத இடத்தில் இலிங்கம் வெளிப்பட்டதென்னும் ஐதிகமே ஊர்ப்பெயருக்கும் அங்குள்ள தான்தோன்றீசுவரர் ஆலயத்துக்கும் விளக்கமாகக் கூறப்படுகின்றது. 1803ஆம் ஆண்டில் ஆங்கிலப் படைத் தளபதி வொன் டிறிபேர்க்கினாற் பண்டாரவன்னியன் தோற்கடிக்கப்பட்டதாகக் கூறும் நினைவுக்கல் நாட்டப்பட்ட கற்சிலைமடு, இவ்வூரை அடுத்தே உள்ளது. 1978ஆம் ஆண்டில் முல்லைத்தீவு தனி மாவட்டமாக்கப்படும்வரை இப்பகுதி வவுனியா மாவட்டத்தின் ஆட்சியெல்லைக்குள் இருந்தது. முத்தையன்கட்டு, தண்ணிமுறிப்பு முதலிய குளங்கள் இப்பிரதேசத்து வாழ்வின் உயிர்நாடிகளாகும்.

இத்தகைய நிலத்திற் கைப்பணி என்பது அலங்காரத்துக்காக எழுந்ததன்று. குளக்கரையில் வளரும் பன் பாயாகின்றது. பனையின் சார்வோலை கடகமாகவும் பெட்டியாகவும் சுளகாகவும் நீத்துப்பெட்டியாகவும் உமலாகவும் மாறுகின்றது. ஈர்க்கு இடியப்பத் தட்டாகின்றது. தென்னோலை கிடுகாகி வேலியையும் கூரையையும் மூடுகின்றது. விதைப்பு முதல் அடுக்களை வரை வேளாண்மைக் குடும்பம் கையாளும் பொருள்களுட் பெரும்பாலானவை இவ்வாறு இழைக்கப்பட்டனவே. இவற்றை இழைத்தோர் பெரும்பாலும் பெண்கள். அவர்கள் அளவுகோலைப் பயன்படுத்தியதில்லை. சாணும் விரலும் ஓலைக் கணக்குமே அவர்களின் அளவைகள். ஒரு பெட்டிக்கு எத்தனை ஓலை என்பது எண்ணிக்கையாக மனத்தில் இருந்தது. ஏன் அத்தனை என்பது கைப்பழக்கத்தில் அடங்கியிருந்தது.

பாயில் அமைந்த கணிதம்

பாய் இழைப்பதன் முதற்படி ஓலையை ஒரே அகலத்தில் வார்தலாகும். சம அகலமுடைய ஓலைகள் இரு திசைகளில் ஒன்றையொன்று செங்கோணத்தில் வெட்டும்போது தளம் முழுவதும் சிறு சதுரங்களால் இடைவெளியின்றி நிரம்புகின்றது. இன்றைய பாடநூல்கள் தெசலாக்கம் எனக் கூறுவது இதனையே. ஓலையொன்றை மேலே விட்டு அடுத்ததைக் கீழே கொள்ளும் எளிய இழையிற் சதுரங்கப் பலகையின் அமைப்புத் தோன்றும். ஈரோலையை மேலே விட்டு ஈரோலையைக் கீழே கொண்டு, அடுத்த வரிசையை ஓரிடம் தள்ளித் தொடங்கினால் பாயின்மேற் சாய்வரிகள் தோன்றும். ஐந்தாம் வரிசை முதலாம் வரிசையை ஒத்திருக்கும். தள்ளும் திசையை இடையில் மாற்றினால் வரி மடங்கிக் கூர்முனையாகும். அதனை மீண்டும் மாற்றினாற் சாய்சதுரம் பிறக்கும். பெயர்ச்சி, தெறிப்பு, சுழற்சி என உயர்வகுப்பிற் கற்பிக்கப்படும் உருமாற்றங்கள் மூன்றும் இங்கு ஓலைகளை எண்ணும் கணக்காகவே நிகழ்கின்றன.

தளமொன்றில் மீண்டும் மீண்டும் வரும் கோலங்களைச் சமச்சீர் அடிப்படையில் வகுத்தால் அவை பதினேழு வகைகளுள் அடங்கும் என்பதனை உருசிய அறிஞர் பெதரோவ் 1891ஆம் ஆண்டில் நிறுவினார். பளிங்குகளின் அமைப்பை ஆராய்ந்ததன் பயனாக எழுந்த முடிவு அது. இரு நிறங்கள் மாறிவரும் கோலங்களுக்கு இவ்வகுப்பை விரிவாக்கி, அவை நாற்பத்தாறு வகைப்படும் என 1930களிற் காட்டிய வூட்ஸ், இங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலைக்கழகத்திலே துணி நெசவுத் துறையைச் சார்ந்தவர் என்பது குறிப்பிடத்தக்கது. கணித முடிபொன்று தறியின் அருகிலிருந்து பிறக்கலாம் என்பதற்கு இது சான்றாகும்.

பாயிலிருந்து பெட்டிக்குச் செல்லும்போது புதியதொரு நிபந்தனை எழுகின்றது. பாயின் ஓரத்திற் கோலம் அரைகுறையாக முடியினும் குற்றமில்லை. பெட்டியின் சுவரோ சுற்றிவந்து தொடங்கிய இடத்தையே அடைகின்றது. நான்கு ஓலைக்கு ஒருமுறை மீளும் கோலத்தை ஐம்பது ஓலை கொண்ட சுற்றில் இழைத்தால் இரண்டு ஓலை மீதியாகும். பொருந்துமிடத்திற் கோலம் முறியும். நாற்பத்தெட்டு அல்லது ஐம்பத்திரண்டு ஓலை கொண்டால் முறிவில்லை. நான்கிலும் ஆறிலும் மீளும் இரு கோலங்கள் ஒரே சுற்றில் வர வேண்டுமாயின் ஓலைத் தொகை பன்னிரண்டின் மடங்காதல் வேண்டும். பொது மடங்குகளுட் சிறியதைக் காணும் முறையைப் பொருளறியாது மனனஞ் செய்யும் மாணவனுக்கு, அதன் தேவையை உணர்த்த இதனிலும் சிறந்த எடுத்துக்காட்டுக் காண்டல் அரிது.

கடகத்தின் மூலைகள்

கடகத்தின் அடி சதுரம், வாய் வட்டம். தட்டையான இழை எவ்வாறு சுவராக எழுகின்றது என்பது ஆராயத்தக்க வினாவாகும். தளத்திலுள்ள ஒரு புள்ளியைச் சுற்றி நான்கு செங்கோணங்கள் உள்ளன. இழைப்பவர் மூலை வைக்குமிடத்தில், ஒன்றையொன்று விலகிச் செல்ல வேண்டிய ஓலைகளை மடக்கிப் பின்னுவதன் மூலம் ஒரு செங்கோணத்தை நீக்கிவிடுகின்றார். எஞ்சும் மூன்று செங்கோணங்கள் தளத்திற் கிடக்க இயலாமையால் இழை நிமிர்கின்றது. இவ்வாறு நான்கு மூலைகள் வைக்கப்படும்போது நீக்கப்பட்ட கோணங்களின் கூட்டுத்தொகை 360 பாகையாகின்றது. சுவர் செங்குத்தாக எழுகின்றது. மூன்று மூலை மட்டும் வைத்தால் நீக்கம் 270 பாகையே. சுவர் கூம்புபோல் வெளிநோக்கி விரியும். ஐந்து மூலை வைத்தால் வாய் ஒடுங்கும். மூடுபெட்டியில் அடிக்கு நான்கும் மூடிக்கு நான்குமாக எட்டு மூலைகள் உள்ளன; மொத்த நீக்கம் 720 பாகை. துளையின்றி மூடிய குவிவுத் திண்மம் எதனை எடுத்துக்கொண்டாலும், அதன் உச்சிகளில் உள்ள கோணக் குறைகளின் கூட்டுத்தொகை 720 பாகையேயாகும் என்பது பதினேழாம் நூற்றாண்டிற் பிரெஞ்சு மெய்யியலாளர் தெக்காட்டுக் கண்ட தேற்றமாகும்.

இவ்வுண்மை வேறு நாடுகளின் கைப்பணிகளிலும் வேறு வடிவிற் காணப்படுகின்றது. தென்கிழக்காசியாவிற் பிரம்பினாற் பின்னப்படும் கால்பந்தில் ஐங்கோணித் துளைகள் பன்னிரண்டு உள்ளன. பிரம்புகளை மூன்று திசைகளிற் செலுத்தி அறுகோணித் துளைகளுடன் பின்னினால் அது தட்டையாகவே கிடக்கும். ஓர் அறுகோணியை ஐங்கோணியாக்கும் ஒவ்வொரு தடவையும் 60 பாகை குறைகின்றது. பன்னிரண்டு தடவையில் 720 பாகை நிறைவெய்திப் பந்து மூடிக்கொள்கின்றது. ஒட்டுசுட்டானின் மூடுபெட்டியும் மலாயத் தீபகற்பத்தின் பிரம்புப் பந்தும் ஒரே தேற்றத்தின் இரு நிலைகள் எனலாம்.

சாய்விழையாக இழைக்கப்படும் பெட்டிகளில் அடிச்சதுரத்தின் பக்கங்கள் ஓலைக்குச் சமாந்தரமாக அமைவதில்லை. சிறு சதுரங்களின் மூலைவிட்டங்கள் வழியே செல்கின்றன. ஒரு பக்கத்திற் பத்து மூலைவிட்டங்கள் அமைந்த அடியில் எத்தனை சிறு சதுரங்கள் உள்ளன என எண்ணினால், பாதிச் சதுரங்களையும் சேர்த்து, விடை இருநூறாகும், நூறு அன்று. மூலைவிட்டத்தின் மீது அமையும் சதுரம் பக்கத்தின் மீது அமையும் சதுரத்தின் இருமடங்கு என்னும் இவ்வுண்மையையே பிளேட்டோவின் மெனோ உரையாடலிற் சோக்கிரத்தீசு அடிமைச் சிறுவன் ஒருவனைக்கொண்டு காண்பிக்கின்றார். பௌதாயனரின் சுல்ப சூத்திரமும் இதனைக் கூறுகின்றது. பைதகரசின் தேற்றத்தின் வாயிலாக அமையத்தக்க இவ்வுண்மையை ஓலையை எண்ணியே மாணவன் கண்டுகொள்ளலாம்.

சதுர அடி வட்ட வாயாக மாறுவதிலும் ஒரு பாடம் உண்டு. அடியின் பக்கம் 11 அங்குலம் எனவும், சுவர் விரியாமலும் ஒடுங்காமலும் எழுகின்றது எனவும் கொள்ளின், சுற்றளவு 44 அங்குலமாகும். அதே சுற்றளவுடைய வட்ட வாயின் விட்டம், பரிதிக்கும் விட்டத்துக்கும் இடையிலான விகிதத்தை இருபத்திரண்டுக்கு ஏழு எனக் கொண்டால், 14 அங்குலம். தமிழரின் பழைய கணித நூலான கணக்கதிகாரம் வட்டப் பரப்பிற்குக் கூறும் விதிப்படி பரிதியின் பாதியாகிய 22ஐ விட்டத்தின் பாதியாகிய 7ஆற் பெருக்கினால் 154 சதுர அங்குலம் கிடைக்கின்றது. அடியின் பரப்போ 121 சதுர அங்குலமே. ஓலையின் அளவு கூடாமலே வாயின் பரப்பு ஏறத்தாழ நான்கிலொரு பங்கு கூடிவிடுகின்றது. சம சுற்றளவுடைய உருவங்களுள் வட்டமே மிகப் பெரிய பரப்பை அடக்குவது என்னும் உண்மைக்கு இது வாயிலாகின்றது. நிலத்தில் அசையாது இருப்பதற்குச் சதுர அடியும், அள்ளவும் கொட்டவும் ஏற்ற அகன்ற வட்ட வாயும் ஒரே பாத்திரத்தில் இணைந்தமை தற்செயலன்று.

பாடசாலை சென்ற வழி

இவ்வளவும் வீட்டில் இருக்க, பாடசாலை ஏன் இதனைக் காணவில்லை? இலங்கைத் தமிழரிடையே நவீன கணிதக் கல்வியின் தொடக்கம் அமெரிக்க மிசனரிமார் 1823ஆம் ஆண்டில் நிறுவிய வட்டுக்கோட்டைச் செமினரியுடன் பிணைந்தது. அங்கு மேலைக் கணிதமும் வானியலும் உயர்ந்த தரத்திற் கற்பிக்கப்பட்டன. அம்மரபில் வந்த கறல் விசுவநாதபிள்ளையின் வீசகணித நூல் 1855ஆம் ஆண்டில் வெளிவந்தமை, நவீன கணிதத்தைத் தமிழிற் கூறவியலும் என்பதனை மெய்ப்பித்தது. இச்சாதனை பெரிது. ஆயினும் கணிதம் என்பது நூலிலிருந்து வருவது, உத்தியோகத்துக்கு இட்டுச் செல்வது என்னும் எண்ணமும் அதனுடன் வேரூன்றியது. கையால் உழைப்போரைத் தாழ்ந்தோராகக் கருதிய சமூக அமைப்பு இவ்வெண்ணத்துக்கு உரமூட்டியது. பெண்களும் ஒடுக்கப்பட்ட மக்களும் கொண்டிருந்த அறிவு, அறிவு எனவே எண்ணப்படவில்லை.

கைப்பணியை மதித்த அறிஞர் இல்லாமலில்லை. ஆனந்த குமாரசுவாமி 1908ஆம் ஆண்டில் வெளியிட்ட மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய பெருநூல், கைவினைஞரின் சமூக நிலையையும் தொழில் முறைகளையும் கோலங்களையும் நுணுகி ஆராய்ந்தது. ஆயின் அவர் கண்டது கலையை. கண்டி இராச்சியத்து மரபே அவர் நூலின் முதன்மைக் களமாதலின் வன்னி அதனுள் இடம்பெறவில்லை.

கைப்பணியைக் கல்வியின் நடுநாயகமாக்க முயன்றது 1937ஆம் ஆண்டில் வார்தாவிற் காந்தியடிகள் முன்வைத்த ஆதாரக் கல்வித் திட்டமாகும். சாகிர் உசேன் தலைமையிலான குழு அதற்குப் பாடவிதானம் வகுத்தது. அத்திட்டத்தைச் செயற்படுத்திய இந்துஸ்தானி தாலிமி சங்கத்தின் செயலாளராகச் சேவாகிராமத்திற் பணிபுரிந்தவர் யாழ்ப்பாணத்தவரான ஆரியநாயகம் என்பது ஈழத்தவர் நினைவுகூரத்தக்கது. நூற்பதையும் நெய்வதையும் வாயிலாகக்கொண்டு எண்ணையும் அளவையும் கற்பிப்பதே அங்கு நெறியாயிற்று.

எனினும் இந்நெறியின் பெயரால் நிகழ்ந்த பிறழ்வும் உண்டு. 1953ஆம் ஆண்டிற் சென்னை மாநிலத்தில் இராசகோபாலாச்சாரியார் கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டம், பிள்ளைகளின் பாடசாலை நேரத்தைக் குறைத்து, எஞ்சிய நேரத்திற் பெற்றோரின் தொழிலைப் பழகுமாறு கூறியது. எதிர்த்தோர் அதனைக் குலக்கல்வித் திட்டம் எனச் சாடினர். அடுத்த ஆண்டு காமராசர் முதலமைச்சரானதும் அது கைவிடப்பட்டது. கைத்தொழிற் கல்வி என்றதும் அடித்தட்டு மக்களிடம் எழும் ஐயம் நியாயமானதே என்பதற்கு இவ்வரலாறு சான்றாகும்.

இலங்கையில் 1972ஆம் ஆண்டின் கல்விச் சீர்திருத்தம் இடைநிலை வகுப்புகளிற் கணிதத்தைக் கட்டாயமாக்கியதோடு, பிரதேசத் தொழில்களைத் தழுவிய தொழில்முன்னிலைப் பாடங்களையும் புகுத்தியது. ஒரே மாணவன் ஒரு பாடவேளையிற் கணிதமும் மற்றொன்றிற் பிரதேசத் தொழிலும் பயிலும் வாய்ப்பு அப்போது கிட்டியது. ஆயின் இரண்டிற்கும் நடுவே சுவர் இருந்தது. கணித ஆசிரியர் தொழிற்பாடத்தின் பக்கம் திரும்பவில்லை. தொழிற்பாடம் கணிதத்தின் துணையை நாடவில்லை. பல்கலைக்கழக அனுமதியிற் புள்ளிகளின் தரப்படுத்தல் பெரும் பிரச்சினையாக எழுந்த அக்காலத்தில், பரீட்சைக்கு உதவாத எதனையும் பெற்றோர் விரும்பாமையும் இயல்பே. 1977இன் ஆட்சி மாற்றத்தையடுத்து அச்சீர்திருத்தம் கைவிடப்பட்டது.

உலக அரங்கில் எழுந்த மறுநோக்கு

இதே காலப்பகுதியில் உலகின் வேறு மூலைகளிற் புதியதொரு சிந்தனை உருவாயிற்று. பிரேசில் நாட்டுக் கணிதவியலாளர் டி அம்புறோசியோ, ஒவ்வொரு மக்கட் கூட்டமும் எண்ணவும் அளக்கவும் வகுக்கவும் தனக்கென முறைகளைக் கொண்டுள்ளது என்பதை வலியுறுத்தி, இனக்கணிதம் என்னும் துறைக்கு வித்திட்டார். 1984ஆம் ஆண்டில் அடிலெயிட்டில் நடைபெற்ற அனைத்துலகக் கணிதக் கல்வி மாநாட்டில் அவர் ஆற்றிய உரை இத்துறையைப் பரவலாக அறியச் செய்தது. 1975ஆம் ஆண்டில் விடுதலை பெற்ற மொசாம்பிக்கில் ஆசிரியர்களைப் பயிற்றிய போலஸ் கேர்டஸ், அந்நாட்டுக் கூடைகளிலும் மீன்பிடிக் கூடுகளிலும் உறைந்து கிடக்கும் கணிதத்தை வெளிக்கொணர்ந்து, பைதகரசின் தேற்றத்துக்கே பின்னற் பொத்தானிலிருந்து வழிகாட்டினார். பழகிய முறையைத் திரும்பச் செய்பவர் கணிதம் செய்பவராகாதிருக்கலாம். ஆனால் அம்முறையை முதன்முதலிற் கண்டவர் கணிதம் செய்தவரே என்பது அவரது வாதத்தின் உயிர்நிலை.

தமிழர் கைக்கோலங்களும் இவ்வாராய்ச்சிக்குப் புறம்பாகவில்லை. சென்னைக் கிறித்தவக் கல்லூரியைச் சார்ந்த கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகியோர் 1974ஆம் ஆண்டிற் கோலங்களைக் கணினியியலின் இலக்கண விதிகளால் விளக்கிக் கட்டுரை வெளியிட்டனர். கேர்டஸ் 1989ஆம் ஆண்டிலே தமிழ்க் கோலங்களின் சமச்சீர் குறித்து எழுதினார். மார்சியா ஆஷர் 2002ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் கோலத்துக்குத் தனி இடம் உண்டு. புள்ளிக்கோலம் இவ்வாறு உலகறிந்த கணிதப் பொருளாயிற்று. கடகமும் பன்பாயும் அவ்வாறு ஆகவில்லை.

எதிர்வாதமும் இன்றைய தேவையும்

இம்முயற்சிக்கு எதிராகக் கூறத்தக்கன இரண்டு. கடகம் இழைப்பவர் தெக்காட்டின் தேற்றத்தை அறியார். அறியாத ஒன்றை அவர்மீது ஏற்றிக் கூறுதல் வெறும் பெருமிதம் என்பது ஒன்று. இது பகுதியளவில் உண்மையே. நான்கு மூலைகளால் சுவர் நிமிரும் என அறிதல் வேறு. எல்லாத் திண்மங்களுக்கும் பொருந்தும் விதியை நிறுவுதல் வேறு. கைப்பணி தேற்றத்தைத் தருவதில்லை, வினாவைத் தருகின்றது. ‘மூன்று மூலை வைத்தால் என்ன நிகழும்?’ என மாணவன் கேட்குமிடத்தில் கைப்பணி முடிந்து கணிதம் தொடங்குகின்றது. அத்தொடக்கத்தை அமைத்துத் தருவது ஆசிரியரின் கடமை. நிறுவலும் பொதுமையாக்கமும் இல்லாத கைப்பணிப் பாடம் கணிதப் பாடமாகாது.

கிராமத்துப் பிள்ளையைக் கிராமத் தொழிலுக்குள்ளேயே அடைத்துவிடும் என்பது மற்றது. 1953இன் அனுபவம் இவ்வச்சத்துக்கு ஆதாரமாக உள்ளது. ஆயின் பிள்ளையைப் பாடசாலையிலிருந்து தொழிற்களத்துக்கு அனுப்புவதும், தொழிற்பொருளைப் பாடசாலையின் மேசைக்குக் கொண்டுவருவதும் ஒன்றல்ல. முன்னையது கல்வியைக் குறைப்பது. பின்னையது கல்வியைக் கூட்டுவது. எந்தக் குடியிற் பிறந்த பிள்ளையும் ஒரே கடகத்தை மேசைமீது வைத்து ஒரே தேற்றத்தைக் கற்கும்போது, அதனை இழைத்த கைகளின்மீது படிந்த இழிவு நீங்கவும் வழி பிறக்கும்.

வன்னியில் இத்தேவை மேலும் கூர்மையானது. 2008ஆம் ஆண்டின் பிற்பகுதியிலும் 2009ஆம் ஆண்டின் தொடக்கத்திலும் ஒட்டுசுட்டான் உள்ளிட்ட பிரதேசத்து மக்கள் போரினால் முற்றாக இடம்பெயர்ந்தனர். உயிரிழப்போடு வீடும் தோட்டமும் கால்நடையும் பாடசாலையும் அழிந்தன. மெனிக் பாம் முதலிய முகாம்களிலிருந்து மீண்டவர்கள் வாழ்வை முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று. இதற்கு முன்னரே பிளாத்திக்குப் பாத்திரங்களும் பாய்களும் ஓலைப் பொருள்களின் இடத்தைப் பிடிக்கத் தொடங்கியிருந்தன. 1978ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட பனை அபிவிருத்திச் சபை போன்றவை ஓலைக் கைப்பணியை வருவாய்த் தொழிலாக வளர்க்க முயன்றுள்ளன. விற்பனைக்கென அழகுப் பொருளாக மாறும்போது, நெல் அள்ளும் கடகத்தின் அளவுக் கணக்கும் மூலைக் கணக்கும் மறைந்துவிடும் அபாயம் உண்டு.

ஆகவே செய்யற்பாலன தெளிவானவை. பல்கலைக்கழகங்களின் கணிதத் துறைகளும் கல்வித் துறைகளும் வன்னி ஊர்களில் எஞ்சியுள்ள மூத்த கைப்பணியாளரிடம் சென்று, பொருளை மட்டுமன்றி, ஓலைத் தொகை, மூலை வைக்கும் முறை, அளவை, தொழிற்சொல் ஆகியவற்றையும் பதிவு செய்தல் வேண்டும். ஆசிரியர் பயிற்சியில் இவை பாடங்களாக வகுக்கப்படல் வேண்டும். ஆய்வுகூட வசதியற்ற பாடசாலைக்கும் ஒரு பாயும் ஒரு பெட்டியும் எட்டாப் பொருள்களல்ல. கறல் விசுவநாதபிள்ளையின் தலைமுறை மேலைக் கணிதத்தைத் தமிழிற் கூறியது. இத்தலைமுறைக்கு எஞ்சியிருப்பது தமிழர் கைகளில் உள்ள கணிதத்தைக் கணிதமாகவே கூறுதலாகும். இப்பணி இனியும் பிந்துமாயின் அருங்காட்சியகத்திற் கடகம் எஞ்சும். அதை இழைத்த கணக்கு எஞ்சாது.